ஓய்வு நாள் ஊருக்கே: பெக்கான் நானாஸிலிருந்து ஒரு பிரகடனம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் குடியிருக்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசி எழுதும் அறிக்கை இது. முடிவு ஒன்றுதான். வாரந்தோறும் கைக்கு வரும் ஓய்வு நாட்களில் மாதத்துக்கு ஒன்றையாவது சொந்த ஊரிலும் அதைச் சுற்றிய பொந்தியான் வட்டாரத்திலும் கழிப்போம். தனியாக அல்ல, பிள்ளைகள், பெரியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு. நடந்தோ, மோட்டாரிலோ, பஸ்ஸிலோ.

இதை ஓர் இயக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெயர் மட்டும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பதாகை அடிக்க வேண்டும். பதாகை வந்தால் தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் வருவார்கள். அப்புறம் ஒரு பிரமுகரை அழைத்து மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, அவர் தாமதமாக வந்து பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் திடலில் வெயிலில் காய வேண்டும். நம் ஆட்கள் சங்கம் நடத்தும் அழகு நமக்குத் தெரியாததா? நடப்பதற்கென்று கூடும் கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

ஏன் இப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் காலண்டரில் இருக்கிறது. 2025 ஜனவரி 1-இல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்தது. அதற்கு முன் 2014 தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை. சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு நாள் முன்னே பின்னே நகர்ந்த கதை. எங்கள் வீடுகளுக்குள் அது வேறு விதமாக நடந்தது. அப்பாவுக்குச் சிங்கப்பூரின் துவாஸில் வேலை. வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டில், அப்பா வேலையில். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில், பிள்ளை பள்ளியில். இருவரும் சேர்ந்திருக்க மிஞ்சியது சனிக்கிழமை ஒன்று. அதிலும் ஓவர்டைம் வந்துவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். 2014-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, இந்த ஏற்பாடு முடிந்தபோது ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும் இப்படியே கழிந்துபோயிற்று.

ஞாயிறு திரும்பி வந்தது. வந்ததை வைத்து நாம் என்ன செய்தோம்? காரை எடுத்துக்கொண்டு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் ஸ்கூடாய் பக்கம் போனோம். அப்பா வாரம் முழுக்க விடியுமுன் மோட்டாரில் போகும் அதே சாலை. ஜொகூர் பாருவில் பேரங்காடி வாசலில் கார் நிறுத்த இடம் தேடினோம். மாடி மாடியாக ஏறி இறங்கினோம். பிள்ளை ஒரு கடையில் அழுதது, இன்னொரு கடையில் சமாதானம் ஆனது. திரும்பும்போது ஜாம். பேரங்காடியைத் திட்டுவது எங்கள் வேலை அல்ல. அங்கே குளிர்ச்சி இருக்கிறது, சுத்தமான கழிவறை இருக்கிறது, முழங்கால் வலியுள்ள பாட்டி உட்கார நாற்காலி இருக்கிறது. இவை மூன்றும் நம் ஊர்ப் பொது இடங்களில் இல்லாதவரை அங்கே போகிறவர்களைக் குறை சொல்ல எவருக்கும் வாய் கிடையாது. ஆனால் எல்லா வாரமும் அங்கேதான் என்றால் பிள்ளைக்கு எந்த ஊர் சொந்த ஊர்?

எந்த ஊர் என்று வெளியூரில் கேட்டால் நாமே "பொந்தியான் பக்கம்" என்கிறோம். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் "ஜேபி" என்கிறோம். பெக்கான் நானாஸ் என்று வாய் நிறையச் சொல்ல ஒரு தயக்கம். செய்தித்தாளிலும் ஊர்ப் பெயர் வருவது பெரும்பாலும் குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமை ஒட்டித்தான். 2019 நவம்பரில் தஞ்சோங் பியாய் இடைத்தேர்தல் வந்தபோது சில வாரங்கள் ஊர் பரபரப்பாக இருந்தது. ஓட்டுப்பெட்டி போனது, பரபரப்பும் போனது.

"இந்த ஊர்ல என்ன இருக்கு பார்க்க?" இந்தக் கேள்வியைக் கேட்காத வாலிபப் பிள்ளை இங்கே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் அன்னாசி. மலாயில் நானாஸ் என்றால் அன்னாசிதான்; ஊரின் பெயரிலேயே இருப்பதால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் டின்னில் அடைத்த அன்னாசியை ஏற்றுமதி செய்வதில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு இருந்தது. ரப்பர் கன்றுகள் பால் கொடுக்கும் பருவத்துக்கு வரும்வரை இடையில் காசு பார்க்க அன்னாசி போட்டார்கள். பிறகு மற்றப் பயிர்கள் முரண்டு பிடித்த சதுப்புக் கரிமண்ணில் அதையே தனிப் பயிராக்கினார்கள். பொந்தியான் வட்டாரத்தின் கறுத்த, ஈரம் கோத்த மண் அதற்குத் தோதாக அமைந்தது. 1957-இல் அன்னாசித் தொழில் வாரியம் அமைந்தது. ஆராய்ச்சி நிலையமும் நம் ஊரில் இயங்கியது. இன்றைக்கு அந்த வாரியத்தின் அன்னாசி அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வெளியூர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பார்க்கும் இடம். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்று உங்கள் தாமானில் விசாரித்துப் பாருங்கள்.

அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். அன்னாசிச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து காற்றை உள்ளே வாங்குகிற சாதி. தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்துக்கொள்ள அது கற்றுக்கொண்ட வழி. ஒரு பழம் என்று நாம் வெட்டுவது நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் ஒன்றாக ஒட்டி உருவானது. தோலின் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். நட்டதிலிருந்து பழம் வெட்ட ஓராண்டுக்கு மேல் ஆகும். எல்லாம் ஒரே சமயத்தில் பூக்கட்டும் என்று மருந்து ஊற்றுவார்கள். பொந்தியான் சாலையோரக் கடையில் நின்று இது என்ன ரகம் என்று கேட்டால் ஜொசாபைன், மோரிஸ், என்36, எம்டி2 என்று அடுக்குவார்கள். ஜொசாபைன் நம் நாட்டு வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் ஆய்வாளர்கள் ஜொகூர், சரவாக் என்ற இரு ரகங்களைக் கலந்து 1996-இல் வெளியிட்டது. எம்டி2 ஹவாயில் பிறந்து உலகச் சந்தையை வளைத்துப்போட்டது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தின்று பார்த்து, எது பரவாயில்லை என்று சண்டை போடுவதற்கே ஒரு காலைப்பொழுது ஆகும். எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

மண்ணைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கரிமண் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் மூழ்கி, மக்காமல் கிடந்த மரமும் இலையும். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது சுருங்கி அமுங்கும். காய்ந்தால் அடியில் தீப்பிடித்துப் பல நாள் புகையும். நம் பக்கத்துச் சாலை சில இடங்களில் ஏறி இறங்குவதும், வறண்ட மாதங்களில் தொண்டை கரகரப்பதும் இந்த மண்ணின் விவகாரம். பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். வாய்க்கால் ஓரம் ஒரு குச்சியைச் செருகிக் காட்டினால் மறக்காது.

அடுத்தது பூலாய் மலை. 654 மீட்டர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம், அதுவரைக்கும் தார்ச்சாலை. ஆகவே மலையேறுகிற வீரதீரம் எல்லாம் தேவையில்லை, மூச்சு இருந்தால் போதும். ஆனால் இந்த மலையின் கதை அதன் உயரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. 1927 டிசம்பரில் சிங்கப்பூர் நகராட்சி ஜொகூர் சுல்தான் இப்ராஹிமோடு ஒப்பந்தம் போட்டு, இங்கே நீர்த்தேக்கம் கட்டிக் குழாயில் தண்ணீர் கொண்டுபோக ஏற்பாடு செய்தது. 1942 ஜனவரி கடைசி நாளில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அதன் வழியே சென்ற அந்தக் குழாயும் உடைந்தது. பிற்பாடு இங்குள்ள நீர்நிலையங்கள் 1961 ஒப்பந்தத்தின்கீழ் வந்து, அது முடிந்த 2011 ஆகஸ்ட் 31-இல் ஜொகூரிடம் திரும்பின. துவாஸில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் நம் அண்ணன்மார் இந்த மலையின் நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லலாம். நம்மைவிட முந்தி அக்கரைக்குப் போனது நம் மலைத் தண்ணீர் என்று.

அந்த மலை நம்மை அடித்தும் இருக்கிறது. 2001 டிசம்பர் 27-இல் வாமெய் என்ற சூறாவளி ஜொகூரில் கரையேறியது. பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி பக்கத்தில் சூறாவளி உருவாகாது என்று நம்பிக்கொண்டிருந்த வானிலை அறிஞர்களுக்கே அது வியப்பு. பெய்த மழையில் பூலாய் மலைச்சரிவு இடிந்து வீடுகள் அழிந்தன. ஐந்து உயிர் போனது. ஆகவே எங்கள் கொள்கைகளில் விட்டுக்கொடுக்க முடியாதது இது: மழை பெய்த மறுநாள் அருவிக்குப் போக மாட்டோம். மேலே கறுத்தால் கீழே இறங்கிவிடுவோம். வன இலாகா நுழைவுச் சீட்டு கேட்டால் வாங்குவோம், மூடியிருந்தால் வேலி தாண்ட மாட்டோம். "ஒண்ணும் ஆகாது மச்சான், வா" என்று சொல்கிறவரை மறுமுறை அழைக்க மாட்டோம்.

கூகுப்பும் தஞ்சோங் பியாயும் எல்லாருக்கும் தெரிந்தவை, ஆகையால் சுருக்கமாக. கூகுப்பில் நண்டு சாப்பிடத்தான் போகிறோம். எதிரே நீட்டிக் கிடக்கும் தீவு மனிதர் குடியில்லாத அலையாத்திக் காடு, 647 ஹெக்டேர் என்பதைச் சாப்பாட்டு மேசையிலிருந்து யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தத் தீவு, தஞ்சோங் பியாய், பூலாய் ஆற்றின் கழிமுகம் மூன்றையும் 2003 ஜனவரி 31-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பதிவு செய்தார்கள். தஞ்சோங் பியாயில் பலகைப் பாதையின் முனையில் நின்றால் ஆசியப் பெருநிலம் அங்கே முடிகிறது. செல்ஃபி எடுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு கீழே சேற்றையும் பாருங்கள். தாவித் திரியும் மீன், ஒற்றைக் கை பெருத்த நண்டு, எதிரே வரிசையில் காத்திருக்கும் கப்பல்.

இப்படி ஊரைச் சுற்றிக் கூடி நடப்பதைத் தமிழர்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். மதுரையில் 2010-இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் கிளம்பியபோது, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் நண்பர்களோடு அந்த மலைக்கு நடந்தார். அதிலிருந்து வளர்ந்தது பசுமை நடை. மாதம் ஒரு ஞாயிறு, ஊரைச் சுற்றிய ஏதோ ஒரு குன்று. சமணர் படுக்கை, தமிழி எழுத்து, வட்டெழுத்து. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறைமேல் நின்று படித்துக் காட்டுவார், முடிவில் கூடி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் நடந்த இடங்களில் அரிட்டாபட்டியும் உண்டு. 2022-இல் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 2024 கடைசியில் அந்த வட்டாரத்திலேயே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றவர்கள் அந்த மண்ணின் விவசாயிகள். நடந்தவர்கள் அந்தப் புகழில் பங்கு கேட்க முடியாது. ஆனால் அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று மதுரை நகரத்துக்காரருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கம் 2018-இல் கூகுப் தீவின் தேசியப் பூங்காத் தகுதி பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. நாடு முழுக்கப் பேசினார்கள். அடுத்த ஊர்க்காரர்களான நாம் எதைக் கண்டோம் என்று பேசுவது? தீவின் பெயரைச் செய்தியில்தான் பார்த்தோம்.

மதுரைக்கு ஈராயிரம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, நமக்கு அது கிடையாது. நமக்கு இருப்பது வாய்கள். தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, கித்தா மரம் சீவிய கைகளோடு இப்போது தாமான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, பாட்டிகளின் வாய்கள். கித்தா போய்ச் செம்பனை வந்ததும், லயங்கள் இடிந்து கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே தனியாக நின்றதும் நாடு முழுக்க நடந்த கதை. நம் வட்டாரத்தில் எந்த லயம் எங்கே இருந்தது, திருவிழாவுக்குத் தீமிதி எந்தத் திடலில் நடந்தது, முதல் சம்பளத்தை எந்தக் கடையில் செலவழித்தார்கள் என்பதைச் சொல்ல அவர்களைத் தவிர ஆள் இல்லை. ஆகவே எங்கள் உலாக்களில் மூன்றில் ஒன்றுக்காவது வழிகாட்டி எழுபதைத் தாண்டியவராக இருப்பார். அவர் நடக்கும் வேகம்தான் கூட்டத்தின் வேகம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்போம். காவலாளி "இல்லை" என்றால் வாசலிலேயே நின்று கதை கேட்டுவிட்டுத் திரும்புவோம்.

இனி வீட்டுக்குள் ஒரு தீர்மானம். இதை எழுதும்போதுதான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் வந்தது. நம் ஆட்கள் அருவிக்குப் போனால் அண்டா குண்டாவோடு போகிறோம். கோழிப் பிரட்டல், புளிச்சோறு, சம்பல், வடை. காலை நான்கு மணிக்கு அதையெல்லாம் செய்கிறவர் யார்? அம்மா. கரையில் உட்கார்ந்து பரிமாறுகிறவர் அம்மா. திரும்பி வந்து அண்டா கழுவுகிறவரும் அவர்தான். எல்லாரும் ஓய்வு எடுக்கும் நாளில் ஒருவருக்கு மட்டும் இரண்டு மடங்கு வேலை. சட்டப்படி வேலை நேரம் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. அடுப்படிக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே எங்கள் உலாவில் சமைத்து எடுத்துவருவது கிடையாது. காலையில் ஊர்க் கடையில் பசியாறுவோம்: தோசையோ, ரொட்டி சானாயோ, பொந்தியான் பக்கம் போனால் வான்டான் மீயோ. எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் ஆண்கள் பொட்டலம் கட்டுவார்கள். எப்படிக் கட்டினார்கள் என்று யாரும் விமர்சிக்கக் கூடாது.

ஞாயிறு எல்லாருக்கும் ஓய்வு நாளும் அல்ல. சாப்பாட்டுக் கடையில் நிற்பவர், காவலாளி, தாதி, ஷிஃப்ட் வேலைக்காரர் எல்லாருக்கும் செவ்வாயோ புதனோதான் வாய்க்கும். ஞாயிறு போன வழியிலேயே வேலைநாள் ஒன்றிலும் ஒருமுறை நடப்போம். இரண்டு பேர் வந்தாலும் அது உலாதான். அக்கம்பக்கத்துச் சீனரும் மலாய்க்காரரும் வருவதாக இருந்தால் மொழி தடையில்லை. இந்த ஊரின் அன்னாசி வரலாற்றில் பெரும்பங்கு அவர்களுடையது, அவர்கள் இல்லாமல் பாதிக் கதைதான் கிடைக்கும்.

பணம் வசூலிக்க மாட்டோம். சட்டை அடிக்க மாட்டோம். யாருடைய கட்சிக்கும் கூட்டம் சேர்த்துக் கொடுக்க மாட்டோம். போன இடத்தில் நாம் போட்ட குப்பையோடு முன்னவர் போட்டதிலும் ஒரு பையாவது எடுத்து வருவோம். நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டியவையும் உண்டு: நிழல், பெஞ்சு, பூட்டாத கழிவறை. இவற்றைப் புகாராக எழுதாமல், எந்த இடத்தில் எத்தனை பெரியவர்கள் உட்கார முடியாமல் திரும்பினார்கள் என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போய்க் கொடுப்போம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்குக் காலை ஏழுக்குத்தான் வெளிச்சம் வருகிறது. ஐந்து மணிக்குக் கூடுவோம் என்று ஆர்வக்கோளாறில் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஏழேகாலுக்குக் கூடி, வெயில் ஏறுமுன் பத்தரைக்குள் வீடு திரும்புவோம். பிற்பகல் இடிமழைக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் அது பொருந்தும்.

முதல் உலா வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, கடைவீதிப் பஸ் நிறுத்தத்திலிருந்து. வழி எளியது: கடைவீதி, சாலையோர அன்னாசிக் கடைகள், வாய்க்கால் கரை, மறுபடி கடைவீதி. தொப்பி, தண்ணீர், சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற செருப்பு. மழை பெய்தால் எட்டு மணி வரை காத்திருந்து பார்ப்போம், விடாவிட்டால் தே தாரிக் குடித்துக்கொண்டு தாத்தாமாரிடம் கதை கேட்போம். வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி மறக்காமல் எடுத்து வாருங்கள்.